ராணி வாங்காத அன்பளிப்பு

என் அப்பா ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி, மேடையில் ராணி. ஆபீசில் துரை கூப்பிட்டால் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ஓடுவார். பெரிய கிராணி கூப்பிட்டால் கொஞ்சம் மெதுவாக ஓடுவார். மேடை ஏறிவிட்டால் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மட்டும் திருப்புவார். மலாக்கா பக்கம் அலோர் காஜாவைச் சுற்றியிருந்த தோட்டங்களில் அந்தக் கண்ணுக்குப் பைத்தியமாக அலைந்தவர்கள் நிறைய பேர்.

நன்றாகத்தான் நடிப்பார். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள் என்பார்கள். வயிற்றெரிச்சல்தான், ஆனால் பொய் எழுத மாட்டேன். ராஜாவைப் பிரிந்த ராணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழும் காட்சியில், பால்வெட்டுப் பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டு தேம்புவார்கள். நானும் தேம்பியிருக்கிறேன். வீட்டில் எனக்குக் காய்ச்சல் வந்தால் எட்ட நின்று, "மாத்திரை குடுத்தியா?" என்று அம்மாவைக் கேட்கிற மனிதர், மேடையில் துணிப்பொம்மைக்காக அப்படி உருகுவார்.

அது கம்பிவேலிக் காலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் காசும் போகக் கூடாது என்று எங்கள் லயன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி கட்டியிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு எடுத்துப் போகக் கூடாது. சாயங்காலமானால் கேட்டை மூடிவிடுவார்கள். அதனால் கோயில் திருவிழா நாடகம்கூடப் பட்டப்பகலில்தான் நடக்கும். போலீஸ் பெர்மிட் வாங்கி, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஆரம்பித்து, கேட் மூடுவதற்குள் ராஜாவையும் ராணியையும் சேர்த்துவைத்துவிட வேண்டும். தகரக் கொட்டகையில் அப்பாவின் முகத்துப் பவுடர் வழிந்து ரவிக்கையில் விழும். அப்போதும் அழகாகத்தான் இருப்பார்.

நாடகம் நடக்கும்போது பபூன் வேடக்காரர் திடீரென்று கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்துவார். "புல்வெட்டு கன்ராக்டர் ஐயா அவர்கள், ராணியம்மாவின் நடிப்பை மெச்சி, அன்பளிப்பு, ஐம்பது வெள்ளி!" என்று கத்துவார். கொட்டகை அதிரும். தோட்டத்தில் புல்வெட்டும் வேலையை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அந்தக் கன்ராக்டர். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையேறி, நோட்டை விரித்து நாலு பக்கமும் காட்டி, அப்பாவின் தோளில் ஊக்கால் குத்துவார். ராணி கண்ணைத் தாழ்த்தி நன்றி சொல்லுவார். விட்ட இடத்திலிருந்து அழுகை தொடரும்.

மறுநாள் காலையில் பெரட்டில் ஆளெண்ணி முடிந்து எல்லாரும் வேலைக்குப் போனதும், அதே கன்ராக்டர் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வருவார். அப்பா நோட்டை மடித்துக் கொடுப்பார். ஊக்கை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்வோம். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது, அந்தப் பக்கத்து வழக்கமே அதுதான். பெரிய கங்காணி, மளிகைக் கடைக்காரர், பக்கத்துத் தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டல் எல்லாருக்கும் இதே ஏற்பாடு. பெரிய நோட்டு மேடையேறினால்தான் பால்வெட்டுக்காரர்களுக்கு ரோஷம் வந்து ஒரு வெள்ளி, அரை வெள்ளி என்று கொடுப்பார்கள். அவர்கள் கொடுத்ததை யாரும் பின்வாசலுக்கு வந்து திருப்பிக் கேட்டதில்லை. அந்தச் சில்லறை ஆர்மோனியக்காரருக்கும், மலாக்கா தெங்கேராவில் எடுக்கும் சவுரி, நகை வாடகைக்கும் சரியாகப் போய்விடும்.

எங்கள் வீட்டில் இருந்தது அப்பாவின் சம்பளம் மட்டும்தான். அதிலும் இந்தியாவில் ஊரில் இருந்த தாத்தாவுக்கு மாதாமாதம் போய்விடும். மிச்சத்தில் அம்மா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்தினார்.

அந்த அம்மாவுக்கு என்னைப் பற்றி ஓர் ஆசை இருந்தது. மலாக்கா டவுனிலிருந்து கன்னியாஸ்திரிகள் மாதம் ஒருமுறை எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளைகளுக்குப் பால்மாவு கொடுப்பார்கள். அவர்களில் ஒருவர் போர்த்துகீசிய வம்சத்து சிஸ்டர், மலாக்காவிலேயே பிறந்தவர், மலாய் சரளமாகப் பேசுவார். வரிசையில் நின்ற நான் பால்மாவு டின்னில் இருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்ததை அவர் கேட்டுவிட்டார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆபீசில் குப்பைக்குப் போகும் காகிதங்களை வைத்து நானே பழகியது. அவர் டின்னைத் திருப்பி மறுபக்கத்தையும் படிக்கச் சொன்னார். படித்தேன். பாதி தப்பு. ஆனாலும் அவர் அம்மாவைத் தேடி வந்துவிட்டார்.

டவுனில் அவர்கள் நடத்திய ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில், என்னைப் போல வயது கூடிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இருந்தது. விடுதியில் தங்கிக்கொள்ளலாம். வசதியில்லாத வீட்டுப் பெண்ணுக்குச் சாப்பாடு, உடுப்பு, புத்தகம் எல்லாம் சும்மா. அப்படி ஓர் இடம் காலியாக இருந்தது. தை மாதம் பள்ளி திறக்கும்போது, அப்பாவின் வருமானத்துக்கு அத்தாட்சியோடு வந்து சேர்த்துவிடுங்கள் என்றார் சிஸ்டர். அம்மா அன்றைக்கு வீடு வரைக்கும் என் கையை விடவில்லை. பத்து வயதைத் தாண்டிய பெண்ணை ரோட்டில் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறாளே என்று எல்லாரும் பார்த்தார்கள்.

இப்படி நாங்கள் இரண்டு பேரும் தை மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் ஆபீஸ் தபாலில் அப்பா பெயருக்குப் பழுப்பு உறை ஒன்று வந்தது. வருமான வரி ஆபீஸ் அனுப்பியது. அந்த வரியே அப்போது நாட்டுக்குப் புதிது. வெள்ளைக்காரத் துரைமாரும் டவுனில் இருந்த சீன முதலாளிமாரும் கட்டுவது என்றுதான் எங்களுக்குத் தெரியும். யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். இன்ன தோட்டத்துக் கிராணி பொழுதுபோக்காக நாடகம் ஆடி நூற்றுக்கணக்கில் சம்பாதிக்கிறார், சர்க்காருக்குக் காட்டுவதில்லை என்று. அந்த வருமானம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு, யார் யாரிடமிருந்து என்று எழுதி அனுப்பச் சொல்லி ஒரு ஃபாரமும் கூட இருந்தது.

வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. உறையை எல்லாரும் பார்க்கிற மாதிரி சட்டைப் பையில் பாதி வெளியே தெரிய வைத்துக்கொண்டு லயன் வழியாக நடந்து வந்தார். "தொரைக்கு வர்ற லெட்டரு எனக்கு வந்திருக்கு" என்று வாசலில் நின்றே சொன்னார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னா போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"என் வருமானம் எவ்வளவுன்னு கவர்மெண்டு கேக்குது."

"எழுதிப் போட்டுருங்க. குத்துன நோட்ட எல்லாம் மறுநாளே எடுத்துக்கிட்டாங்க, சில்லற வந்துச்சு, செலவாப் போச்சுன்னு."

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. சாப்பாட்டில் கல் கடித்த முகம். "அப்டி எழுதுனா அவன் என்னா நெனப்பான்? இத்தன வருசம் ஆடி ஒரு மயிரும் சம்பாரிக்கலன்னு நெனப்பான். கையெழுத்துப் போட்டு நானே என்னைக் கேவலப்படுத்திக்கணுமா?"

அன்றைக்குச் சாயங்காலம் அவர் ஃபாரத்தை நிரப்பினார். எந்தத் திருவிழா, எந்தக் காட்சி, யார், எத்தனை வெள்ளி என்று ஒன்று விடாமல் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. வசனம் போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். கன்ராக்டர் ஐம்பது, கங்காணி முப்பது, மறுபடியும் கன்ராக்டர் ஐம்பது. பின்வாசலில் திரும்பிப் போன நோட்டெல்லாம் அந்தத் தாளில் ஏறி உட்கார்ந்தன. கூட்டிப் பார்த்தால் அவருடைய ஐந்து மாதச் சம்பளத்துக்கும் மேலே போனது. பால்வெட்டுக்காரர்கள் கொடுத்த சில்லறையை மட்டும் எழுதவில்லை. அது கௌரவமாக இல்லையாம்.

அம்மா விடவில்லை. "சிஸ்டரு வருமானத்துக்கு அத்தாட்சி கேட்டிருக்காங்க. இந்த நேரத்துல இப்டி எழுதுனா புள்ள எடத்துக்குக் கெடுதல் வராதா?"

"இது வேற டிப்பாட்மெண்டு, அது வேற. ஒனக்கு என்னாலா தெரியும்?" என்றார் அப்பா. சர்க்காருக்குப் பணம் கட்ட வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, கட்டுவேன் என்றார். எங்கிருந்து என்று கேட்டார் அம்மா. அப்பா அவருடைய கழுத்துச் சங்கிலியை ஒரு தடவை பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, வரி கட்டும்படி ஆகவில்லை. பதில் வந்தது. நீங்கள் தெரிவித்த இன்ன தொகையைச் சம்பளத்தோடு சேர்த்தாலும் வரம்புக்குக் கீழேதான் வருகிறது, கட்ட வேண்டியது ஒன்றுமில்லை என்று. அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வரி கட்டுகிறவர் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டிருந்தார். ஆனால் அந்தத் தாளில் அவர் பெயரும், அன்பளிப்புத் தொகையும், சர்க்கார் முத்திரையும் இருந்தன. அது போதும் அவருக்கு. ஆபீசில் காட்டினார், கடையில் காட்டினார், ஒத்திகையில் காட்டினார். கன்ராக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாத்தியாலா, நாம குத்துனது கவர்மெண்டு வரைக்கும் போயிருச்சு!" என்று அப்பாவின் முதுகில் தட்டினார். அவருக்கும் பெருமைதான். கொடுக்காத பணத்துக்கு ரசீது கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

தை பிறந்தது. பள்ளியில் சேர்க்க நானும் அப்பாவும் கன்ராக்டரின் லாரியில் மலாக்காவுக்குப் போனோம். காட்டிலிருந்து வந்து பஸ்ஸை எரிக்கிறார்கள் என்று பயம் இருந்த நேரம். கன்ராக்டருக்கு டவுனில் வேலை இருந்தது, ஏறிக்கொள்ளுங்கள் என்றார். அம்மா வரவில்லை. தகரப் பெட்டியில் என் இரண்டு பாவாடையையும் சட்டையையும் மடித்து வைத்துவிட்டு, கம்பிவேலி கேட் வரைக்கும் வந்து நின்றார்.

சிஸ்டர் எங்களை உட்காரச் சொன்னார். கன்ராக்டரும் எதற்கோ உள்ளே வந்து எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அப்பா துரை கையெழுத்துப் போட்ட சம்பளச் சீட்டைக் கொடுத்தார். சிஸ்டர் படித்துவிட்டுத் தலையாட்டினார். எழுந்து போய் விடுதிச் சாவியைக்கூட எடுத்து வந்துவிட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. அப்பா சட்டைப் பையில் கையை விட்டு, வரி ஆபீஸ் தாளை எடுத்து, மேசையில் சிஸ்டர் பக்கமாகத் திருப்பி வைத்தார். இவர் யாரோ சாதாரணக் கிராணி என்று அந்த அம்மாள் நினைத்துவிடக் கூடாதாம்.

சிஸ்டர் அதைப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். பிறகு எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, ஆங்கிலத்தை விட்டுவிட்டு மலாயில் கேட்டார்: "இனி டூயிட், பெத்தூல் டாப்பாட்?" இந்தப் பணம் நிஜமாகவே கிடைத்ததா என்று.

அப்பா கன்ராக்டரைப் பார்த்தார். கன்ராக்டர் சிரித்துக்கொண்டு, "நான் மட்டுமே நூறு வெள்ளிக்கி மேல குத்தியிருக்கேன், சிஸ்டர்!" என்று மலாயில் சொன்னார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வேறு மாதிரி சொல்லியிருக்க மாட்டார்.

"பெத்தூல்," என்றார் அப்பா. நிஜம்தான்.

சிஸ்டர் சத்தம் போடவில்லை. இந்த இடம் ஒன்றுமில்லாதவர்களுக்கு என்று வைத்தது, உங்களைவிடக் கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நீங்கள் மாதாமாதம் பணம் கட்டிச் சேர்க்கலாம் என்று தொகையைச் சொன்னார். அது அப்பாவின் சம்பளத்தில் பாதிக்கு வந்தது. அவர் முகத்தில் என்ன பார்த்தாரோ, மெதுவாகச் சொன்னார்: "ஈஸ்டர் வரைக்கும் விடுதிக் கட்டிலை நான் யாருக்கும் தர மாட்டேன். பணம் கட்டுவதானால் வாருங்கள். இந்தத் தாள் தப்பென்றாலும் வந்து சொல்லுங்கள்." அப்பா எழுந்து கும்பிட்டார். ராணி சபையை விட்டுப் போகும்போது கும்பிடுவாரே, அதே கும்பிடு.

திரும்பும் வழியில் பெட்டி என் மடியில் இருந்தது. கன்ராக்டர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். பெட்டியோடு நான் கேட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்து, சோதனை போட நின்ற ஸ்பெசல் கான்ஸ்டபிள்கூட, "என்னாம்மா, பள்ளிக்கூடம் அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

அம்மா அன்று வீட்டில் பாத்திரம் எதையும் உடைக்கவில்லை. மறுவாரம் பயத்தோடு பயமாகப் பஸ் ஏறித் தனியாகவே டவுனுக்குப் போனார். தெரிந்த மலாயில் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மேடையில் குத்துவதும், மறுநாள் பின்வாசலில் வாங்கிப்போவதும். சிஸ்டர் நம்பினார் என்றுதான் அம்மா கடைசி வரை சொன்னார். ஆனால் கையெழுத்து உங்கள் புருஷனுடையது, சர்க்கார் தாளில் இருப்பதை அவர் வாயால் இல்லை என்று சொன்னால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றாராம். ஒரே ஒரு சொல்.

அந்த ஒரு சொல்லுக்காக அம்மா எவ்வளவு கெஞ்சினார்! முதலில் நயமாகக் கேட்டார். பிறகு சண்டை போட்டார். பிறகு பேச்சை நிறுத்தினார். அப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று, வசனம் மனப்பாடம் செய்ய வீடு அமைதியாக இருந்தது. நானும் போய்க் கேட்டேன். "கன்ராக்டர் மூஞ்சில எப்டி முழிப்பேன்? நாளைக்கி அவுங்க மேடையேறுவாங்களா?" என்றார். நாடகமே நின்றுபோகுமாம். நான் நாடகத்தைக் கெடுக்க வந்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

இப்போது பாச்சாங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஆங்கிலத்தில் ஏதாவது காகிதம் வந்தால் நான் கண்ணாடியைத் தேடுகிற மாதிரி பாவனை செய்வேன். அந்தப் பிள்ளை கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தொட்டுக் காட்டும். டின்னில் படித்த எழுத்துகளுக்கு மேலே நான் போகவேயில்லை. போயிருந்தால் என்னவாகியிருப்பேன் என்று தெரியாது, பெரிதாக ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்கிற வாய்ப்பு எனக்குச் சேர வேண்டியது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, மன்னிக்கச் சொல்லி யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவேன்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒரு காலையில் போலீஸ் ஜீப் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. மலாய் இன்ஸ்பெக்டர் ஒருவர், கூட நாலைந்து மாத்தா, அதாவது போலீஸ்காரர்கள். அப்பாவை ஆபீசிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். சின்னக் கிராணிக்குச் சம்பளத்துக்கு மேல் நூற்றுக்கணக்கில் காசு வருகிறது என்பது காற்றில் போய் அவர்கள் காதுக்கும் எட்டிவிட்டது. பரப்பினது யார் என்று துப்புத் துலக்க வேண்டியதில்லை, அப்பாவேதான். தாளைக் காட்டாத ஆள் பாக்கியில்லையே.

வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். அரிசி டின், உப்பு ஜாடி, சீனிப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிக் கிளறினார்கள். பாய்களை உதறினார்கள். என் தகரப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். பேங்கு புத்தகம் இல்லை, நகை இல்லை, நிலப் பத்திரம் இல்லை. அம்மாவின் சங்கிலி மட்டும்தான். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாக மலாயில் கேட்டார். இவ்வளவு பணம் வாங்கியிருக்கிறாய், வீட்டில் ஒரு வெள்ளியும் இல்லை, பேங்கிலும் இல்லை. அப்படியென்றால் காட்டுக்குள் போயிருக்கிறது. யார் வந்து வாங்கினார்கள்?

அந்த நாளில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். காட்டுக்குக் காசு அனுப்பினான் என்று சந்தேகம் வந்தால் போதும், விசாரணை இல்லாமல் கொண்டுபோய் அடைப்பார்கள். இல்லாவிட்டால் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்புவார்கள். அதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது.

அப்பாவுக்கு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. "தாக் டாப்பாட், துவான்! சத்து சென் பூன் தாக் டாப்பாட்!" என்றார். கிடைக்கவில்லை ஐயா, ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, கன்ராக்டர் குத்திய ஐம்பதை மறுநாளே எடுத்துக்கொண்டார், கங்காணி முப்பதை எடுத்துக்கொண்டார், கடைக்காரர் எடுத்துக்கொண்டார் என்று ஃபாரத்தில் எழுதின அதே வரிசையில் ஒன்று விடாமல் ஒப்பித்தார். எல்லாம் வேஷம் துவான், வெறும் கௌரவத்துக்கு எழுதினேன் துவான் என்று அழுதார். மேடையில் அழுகிற அழுகை இல்லை. மூக்கு ஒழுகியது.

இன்ஸ்பெக்டர் ஆளனுப்பிக் கன்ராக்டரை வரவழைத்தார். பணத்தைத் திரும்ப வாங்கினாயா என்று ஒரு கேள்விதான். "வாங்கிட்டேன் துவான், மறுநாள் காலையிலயே வாங்கிட்டேன், இந்தப் பின்வாசல்லதான்" என்று கன்ராக்டர் கையை நீட்டி வாசலைக் காட்டினார். நூறு வெள்ளிக்கு மேல் குத்தினதாகச் சிஸ்டரிடம் சொன்ன அதே வாய். கங்காணியையும் கேட்டார்கள், அவரும் அதையே சொன்னார். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாத்தாமாருக்கு விளக்கிச் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். கன்ராக்டரும் கூடச் சேர்ந்து சிரித்தார். பிறகு இன்ஸ்பெக்டர் அப்பாவின் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார், எல்லாரும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

அம்மா தரையில் உட்கார்ந்து அரிசியிலிருந்து உப்பையும் சீனியையும் பிரிக்க முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை. அப்புறம் தலையை நிமிர்த்தி, எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்பாவோடு பேசினார். "போலீசுகிட்ட சொன்னீங்கள்ல, கன்ராக்டரும் ஒத்துக்கிட்டாரு. நாளைக்கிக் காலையில டவுனுக்குப் போவோம். அந்த சிஸ்டருகிட்ட இதே வார்த்தைய ஒரு தடவ சொல்லிருங்க. எடம் இன்னும் இருக்கு."

அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். "இது இந்த நாலு செவுத்துக்குள்ள இருக்கட்டும். போலீசும் வெளிய சொல்லப்போறதில்ல, கன்ராக்டரும் சொல்ல மாட்டாரு. நீங்களும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

"புள்ள படிப்புங்க."

"கன்னியாஸ்திரி மடத்துல போயி நான் பிச்சக்காரன்னு சொல்லணுமா? அவுங்க ஆஸ்பத்திரிக்கி வர்றவங்க. நாளைக்கே தோட்டம் முழுக்கத் தெரிஞ்சிரும்."

எனக்கு அப்போது அவரிடம் பயம் போய்விட்டிருந்தது. மூக்கு ஒழுக அழுததைப் பார்த்துவிட்டேனே. நேரே போய் முன்னால் நின்று கேட்டேன். "அந்த சிஸ்டரும் இதே கேள்வியத்தானே கேட்டாங்க? அன்னிக்கி வாயில வரலியே, அப்பா. இன்னிக்கி எப்டி வந்துச்சு?"

அம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவரும் பதிலுக்காக அப்பாவைப் பார்த்தார்.

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். கோபத்தில் சொல்லியிருந்தால், கோபத்தில் சொன்னது என்று எப்போதோ விட்டிருப்பேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, எனக்குப் புரிய வேண்டுமே என்ற அக்கறையோடு சொன்னார்:

"அன்னிக்கிப் போக இருந்தது ஒன் படிப்புதான், புள்ள. இன்னிக்கிப் போக இருந்தது நான்."